கலந்த கை
(செங்கோட்டைக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடை எனக்குப் புதுசு. இருபது வருசமா சித்தாள் வேலை பாக்கேன். செங்கோட்டையிலயும், புளியரை தாண்டிக் கேரளத்துலயும் கலவை போட்டிருக்கேன். தெரிஞ்ச தொழிலைப் பத்தியே பேசுதேன்.

கான்கிரீட்டைக் கையால் கலப்பது வெறும் உடம்பு வேலை என்கிறார்கள். அது தப்பு. வெறும் மண்ணில் கொட்டினால் கலவை கெட்டது. கீழே தகரம் வேணும். கூரைத் தளத்துக்கு ஒரு பங்கு சிமெண்டுக்கு ஒன்றரைப் பங்கு மணல், மூன்று பங்கு ஜல்லி. மணலையும் சிமெண்டையும் தண்ணீரில்லாமல் நிறம் ஒன்றாகும் வரை புரட்டணும். பிறகு ஜல்லி. அதன்பிறகு நடுவில் குழி பறித்துத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விடணும். 50 கிலோ மூட்டைக்கு 25 லிட்டர் போதும். மணல் ஈரமென்றால் இன்னும் குறைக்கணும்.

ஆனால் மேலேயிருந்து சத்தம் வரும்: "ஏ பிள்ள, தண்ணிய ஊத்து, லேசா ஓடட்டும்." ஓடும்தான். கூடுதலாக ஊற்றிய தண்ணீர் வற்றும்போது உள்ளே நுண்துளைகளை விட்டுப்போகும். அதன் வழியாக ஈரம் இறங்கும். கம்பி துருப்பிடித்துப் பருத்துக் காரையைத் தள்ளும். போட்ட தளத்தைக் குறைந்தது 7 நாள் ஈரம் காயாமல் பார்க்கணும்.

இத்தனையும் தெரிந்தவளுக்குப் பெயர் சித்தாள். மண்வெட்டி பிடிக்கலாம், சட்டி சுமக்கலாம். கரண்டியை மட்டும் தொடக் கூடாது. கரண்டிக்குத்தானே கூலி கூட! சாதி தொழிலாளிகளையே மேல்கீழாக அடுக்கி வைத்திருப்பதை அம்பேத்கர் 1936-லேயே எடுத்துக்காட்டினார். அந்த அடுக்கைச் சாரத்தில் ஏறிப் பார்த்தாலே தெரியும்.

ஒரு வீட்டுக்குத் தளம் போட்டோம். சும்மாடும் சட்டியுமாக அடுப்படி, சாமி அறை எல்லாம் நடந்தேன். பால்காய்ப்பு அன்றைக்குப் போனேன். வாசலிலேயே நிறுத்திச் சோறு தந்தார்கள். கலவைக்குத் தீட்டில்லை. கலந்த கைக்குத்தான் தீட்டு.

இங்கே எங்க தெருவில் தொகுப்பு வீட்டுக் கூரையிலிருந்து காரை பெயர்ந்து விழுது. அதைக் கட்டும்போது "என்ன அளவு போடுதீக?" என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. தொழில் தெரிந்தும் கேட்கவில்லை. அந்தக் குற்றத்தில் எங்களுக்கும் பங்குண்டு.

சட்டம் என்ன சொல்கிறது? தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994-இல் வந்தது. 1996-இல் வந்த மத்திய சட்டம், 10 லட்சத்துக்குள் சொந்த வீடு கட்டுபவரை விலக்கியே வைத்தது. 2020-இல் நிறைவேறிய சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 50 லட்சமாக்கியது. கையால் கலக்கும் வேலை பெரும்பாலும் இந்தச் சின்ன வீடுகளில்தானே நடக்கிறது? அப்போ நாங்க யார் கணக்கில் வருகிறோம்?

ஈரச் சிமெண்டின் காரம் விரல் இடுக்கைத் தின்கிறது. கையுறை கேட்டால் சிரிக்கிறார்கள்.

மாணவத் தோழர்களே, உங்க தெருவில் கலவை போடுகிற அக்காமாரிடம் வாரிய அட்டை இருக்கான்னு கேளுங்க. இல்லையென்றால் கூட உட்கார்ந்து பதிவு செய்து கொடுங்க. கொத்தனார் அண்ணன்மாரே, கரண்டியை எங்க கையிலயும் கொடுத்துப் பழக்குங்க. அடுத்து நம்ம தெருவில் எந்த வீடு எழும்பினாலும் அளவை நாமே நின்று கேட்போம்.

ஜெய்பீம்!