வண்டி நிக்கிற ராத்திரிக்கு எந்த பேட்டரி?

மானாம்பதியில இருந்து பேசுறேன். வண்டி எலக்ட்ரிக்கல் வேலை, பேட்டரி வேலை பாக்குறவன். வேன் வெச்சிருக்கிறவங்க இப்ப அடிக்கடி கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு. "வண்டியில சின்ன பிரிட்ஜ் வெச்சிருக்கேன். இருக்கிற பேட்டரியிலேயே ஓட்டலாமா, இல்ல அதையே பெருசா மாத்திடவா?" ரெண்டுமே வேணாம்ங்க. தனியா இன்னொரு பேட்டரி போடுங்க. ஏன்னு சொல்றேன்.

ஒரு பௌர்ணமிக்கு நம்ம பக்கத்து வேன் ஒண்ணு திருவண்ணாமலை கிரிவலம் போச்சு. சாயங்காலம் 6 மணிக்கு நிறுத்தினாங்க. 14 கிலோமீட்டர் சுத்திட்டு, சாமி பாத்துட்டு எல்லாரும் வந்து சேர விடிஞ்சுபோச்சு. பிரிட்ஜுக்குள்ள கைக்குழந்தைக்குப் பால், ஒரு அம்மாவோட இன்சுலின். சாவியைத் திருப்பினா 'டிக் டிக்'னு சத்தம் மட்டும்தான். செல்ப் எடுக்கல. பழைய வண்டின்னா நாலு பேர் தள்ளி, கியர்ல விட்டுக் கிளப்பியிருப்பாங்க. இது சென்சார் வண்டி, பேட்டரி அடியோட இறங்கிட்டா தள்ளியும் பிரயோசனம் இல்ல. பக்கத்து வண்டியில ஒயர் குடுத்துத்தான் கிளம்புனாங்க. ஆனா பிரிட்ஜ் ராத்திரி எப்பவோ நின்னுபோயிருக்கு. அந்த மருந்தைப் போட்டுக்கலாமா வேணாமான்னு அந்த அம்மா கையில வெச்சிக்கிட்டு நின்னதைக் கேட்டப்ப எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு.

தப்பு டிரைவர் மேல இல்ல. அந்த பேட்டரி அந்த வேலைக்குச் செஞ்சது இல்ல. வண்டியோட வர்ற பேட்டரி, நெல்லு மூட்டையைத் தூக்கி லாரியில போடுறவர் மாதிரி. டீசல் இன்ஜினைச் சுத்த ரெண்டு மூணு செகண்டுக்கு நூத்துக்கணக்கான ஆம்பியர் குடுக்கும். அதுக்காகவே உள்ள மெல்லிசு மெல்லிசா நிறைய பிளேட் வெச்சிருப்பாங்க. பிரிட்ஜுக்கு வேண்டியது, நாள் முழுக்கக் குனிஞ்சு நாத்து நடுறவங்க மாதிரி ஒண்ணு. கொஞ்சம் கொஞ்சமா, விடாம குடுக்கணும். அதுக்குத் தடிச்ச பிளேட் வேணும். மெல்லிசு பிளேட்டை அடிமட்டம் வரைக்கும் இறக்கினா மேல சல்பேட் படிஞ்சு கெட்டியாயிடும். பத்து இருபது தடவை அப்படி ஆச்சுன்னா, புது பேட்டரியா இருந்தாலும் போச்சு. நம்ம சித்திரை வைகாசி வெயில் வேற அதைச் சீக்கிரம் தின்னுடும்.

சரி, எவ்வளவு பெருசு வாங்கணும்? கடைக்குப் போறதுக்கு முன்னாடி, இன்ஜின் நின்னு எத்தனை மணி நேரம் பிரிட்ஜ் ஓடணும்னு எண்ணுங்க. கம்ப்ரசர் வெச்ச 40 லிட்டர் பிரிட்ஜ், ஓடுறப்ப ஏறக்குறைய 4 ஆம்பியர் இழுக்கும். ராத்திரியில பாதி நேரம் ஓடி பாதி நேரம் நிக்கும்னு வெச்சிக்கலாம். 12 மணி நேரத்துக்கு 24 ஆம்பியர் அவர். ஒரு லைட்டு, சின்ன ஃபேன், நாலு பேர் போன் சார்ஜு எல்லாம் சேத்து இன்னொரு 12. மொத்தம் 36.

அதுக்காக 36 ஆம்பியர் அவர் பேட்டரி வாங்கிடக் கூடாது. ஏரியில தண்ணி எவ்வளவு நின்னாலும் மதகு மட்டம் வரைக்கும்தானே வயலுக்குப் பாயும்? ஆசிட் பேட்டரியும் அப்படித்தான். பாதிக்குக் கீழ இறக்காம இருந்தாத்தான் வருஷக்கணக்குல உழைக்கும். அப்போ 36-க்கு 72 வேணும். பழசாக ஆக கொள்ளளவு குறையும், அதையும் பாத்து 100 வாங்குங்க. தண்ணியை நிர்வாகம் பண்ண ஏரி வாரியம்னே ஒண்ணு வெச்சிருந்தாங்கன்னு உத்திரமேரூர்க் கல்வெட்டுல இருக்கு. அந்த மண்ணுக்காரங்களான நமக்கு இந்தக் கணக்கு ஒண்ணும் பெருசு இல்ல.

வீட்டு இன்வெர்ட்டர் டியூபுலர் பேட்டரியைத் தூக்கி வேன்ல வைக்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. தடிச்ச பிளேட்டுதான், ஒத்துக்கிறேன். ஆனா 150 ஆம்பியர் அவர் ஒண்ணு 50 கிலோவுக்கு மேல இருக்கும். உயரமா இருக்கும், குலுங்குனா ஆசிட் சிந்தும், சார்ஜ் ஆகுறப்ப ஹைட்ரஜன் வாயு வரும். ஆளுங்க உக்கார்ற இடத்துல அது வேண்டவே வேண்டாம். மூடி வெச்ச ஏஜிஎம் பேட்டரி, அதுலயும் டீப் சைக்கிள்னு போட்டதைக் கேளுங்க.

காசு இருந்தா லித்தியம் அயர்ன் பாஸ்பேட். 80 சதவீதம் வரைக்கும் தைரியமா எடுக்கலாம், நம்ம கணக்குக்கு 50 ஆம்பியர் அவர் போதும். வெயிட்டும் ரொம்பக் குறைவு. மாசத்துக்கு நாலு ராத்திரி வெளியூர்ல நிக்கிற வேனுக்கு அதுதான் கடைசியில லாபம்னு நான் நினைக்கிறேன். வருஷத்துக்கு ரெண்டு தடவை சபரிமலை போறவருக்கு ஏஜிஎம்மே போதும். ஒண்ணு மட்டும் கவனிங்க. லித்தியத்தை இன்ஜின் பக்கத்துல, அந்தச் சூட்டுல வைக்காதீங்க. டைனமோவுல நேரா மாட்டவும் கூடாது. அது ஒரேடியா கரண்டை இழுத்து டைனமோவைச் சூடாக்கிடும். நடுவுல டிசி-டிசி சார்ஜர் போடணும். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 வண்டிங்க சிலதுல டைனமோவே வோல்டேஜைக் குறைச்சுக் குறைச்சுக் குடுக்கும். அந்த வண்டிக்கு ஏஜிஎம் போட்டாலும் இந்த சார்ஜர் தேவைப்படும்.

ஒயர்ல காசு மிச்சம் பிடிக்காதீங்க. நல்ல பேட்டரி போட்டும் பிரிட்ஜ் நிக்குதுன்னு வர்றவங்க வண்டியில நான் முதல்ல பாக்குறது ஒயரைத்தான். முன்னாடி இருந்து பின்சீட்டுக்கு 5 மீட்டர், போக வர 10 மீட்டர். 1 ஸ்கொயர் எம்எம் ஒயர்ல 4 ஆம்பியர் போனாலே முக்கால் வோல்ட் கிட்ட வழியிலேயே போயிடும். பேட்டரியில கரண்ட் இருந்தும், இல்லைன்னு நினைச்சு பிரிட்ஜ் ஆஃப் ஆயிடும். 6 ஸ்கொயர் போட்டா அந்த இழப்பு 0.12 வோல்ட்தான். பேட்டரி பக்கத்துலேயே 15 ஆம்பியர் பியூஸ் கட்டாயம் இருக்கணும். ஒயர் எங்கயாவது உரசி ஷார்ட் ஆனா வண்டி தீப்பிடிக்காம காப்பாத்துறது அதுதான்.

இன்சுலினுக்காக வாங்குறவங்க இதையும் கேளுங்க. கம்ப்ரசர் இல்லாத, விலை கம்மியான கூலர் பெட்டி வெளி வெயிலை விட ஏறக்குறைய 20 டிகிரிதான் குறைக்கும். 40 டிகிரி வெயில்ல உள்ள 20 டிகிரி இருக்கும். பிரிக்காத இன்சுலினுக்கு வேண்டியது 2-ல இருந்து 8. அந்தப் பெட்டி தண்ணி பாட்டிலுக்கு ஆகும், மருந்துக்கு ஆகாது.

மாட்டின உடனே சவாரிக்குக் கிளம்பாதீங்க. ஒரு ராத்திரி வீட்டு வாசல்லயே வண்டியை நிறுத்தி, சாயங்காலம் 6-ல இருந்து காலையில 6 வரைக்கும் பிரிட்ஜை ஓட விடுங்க. காலையில அதை ஆஃப் பண்ணிட்டு, ஒரு மணி நேரம் கழிச்சு மீட்டர் வைங்க. ஏஜிஎம்ல 12.2 வோல்ட்டுக்கு மேல காட்டுச்சுன்னா திருவண்ணாமலைக்குத் தாராளமா போகலாம். அதுக்குக் கீழ இருந்தா, மருந்து கொண்டு வர்றவங்களை அந்த வண்டியில ஏத்தாதீங்க. முதல்ல என்கிட்டயோ, உங்க ஊர் எலக்ட்ரீஷியன்கிட்டயோ வண்டியைக் கொண்டு வாங்க.