கிண்ணத்துக்கு யார் பெயர்?

(தோட்டங்களுக்கிடையிலான காற்பந்துப் போட்டி பற்றி முடிவு செய்யக் கூடிய கிளைக் கூட்டத்தில், தோட்ட அலுவலகக் கிராணியார் ஒருவர் ஆற்றிய உரை)



"கிராணியாருக்குப் பத்து நிமிடம்" என்று தலைவர் கூறியிருக்கிறார். பிரட்டுக் களத்தில் மழைக்கு நிற்கும்போது பத்து நிமிடம் எவ்வளவு நீளும் என்பது உங்களுக்குத் தெரியும். ஆகவே கொஞ்சம் பொறுத்துக் கொள்ளுங்கள்.

ஒவ்வோர் ஆண்டும் நாம் நடத்திவரும் காற்பந்துப் போட்டிக்கு, பட்டணத்திலுள்ள தவணைக் கடை ஒன்று 3,000 வெள்ளி தர முன்வந்திருக்கிறது. கடிதம் இதோ என் கையில் இருக்கிறது. மரியாதையான கடிதம்தான். நிபந்தனை ஒன்றே ஒன்று. போட்டி இனி அக்கடையின் பெயரால் அழைக்கப்பட வேண்டும். நோட்டீசிலும், கிண்ணத்தின் மேலும், ஒலிபெருக்கியில் அறிவிக்கும்போதும் கடையின் பெயரே முன்னால் வர வேண்டும். ஏற்பதா, மறுப்பதா என்று இன்று நாம் சொல்லியாக வேண்டும்.

பணம் வேண்டாம் என்று சொல்ல நான் எழவில்லை. சென்ற ஆண்டு வேன் வாடகைக்கு வழியின்றி இரண்டு அணிகள் வரவே இல்லை. ஒரே ஜோடி பூட்சை முற்பாதியில் ஒருவரும் பிற்பாதியில் ஒருவரும் மாட்டிக்கொண்டு ஆடியதை நாம் எல்லோரும் பார்த்தோம். சிரித்தோம், ஆனால் அது சிரிப்பதற்குரிய காட்சியன்று. 3,000 வெள்ளி நமக்குப் பெரிய தொகை. ஆகவே "இவன் மேசையில் உட்கார்ந்து பேனா பிடிப்பவன், இவனுக்கென்ன தெரியும்" என்று இளைஞர்கள் கோபிக்க வேண்டாம்.

கிண்ணத்துக்கு ஒருவர் பெயர் சூட்டுவது புதிய வழக்கமும் அல்ல. பூப்பந்தில் தாமஸ் கிண்ணம் இருக்கிறது. 1949ல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் முதன்முதலாக நடந்த இறுதி ஆட்டத்தில் அதை வென்றது நம் மலாயா. 1952லும் 1955லும் மறுபடியும் நாமே வென்றோம். அந்தக் கிண்ணத்தை வழங்கியவர் சர் ஜார்ஜ் தாமஸ். அவர் தாமே சிறந்த பூப்பந்து வீரர்; அனைத்துலகப் பூப்பந்துச் சங்கத்தின் தலைவராகவும் இருந்தவர். ஒருமுறை கொடுத்தார், பெயர் நின்றது. ஆட்டத்துக்கு உழைத்த மனிதர், அந்த ஆட்டத்தோடு நிற்கிறார். இதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை.

ஆனால் கொடுத்தவர் யார் என்பதைச் சற்றுத் தோண்டிப் பார்க்க வேண்டிய கிண்ணங்களும் உண்டு. இன்று மலேசியக் கிண்ணம் என்கிறோமே, அது 1921ல் மலாயாக் கிண்ணம் என்று தொடங்கியது. 1967ல்தான் பெயர் மாறியது. அதை வழங்கியவர்கள், அந்த ஆண்டு இங்கே வந்துபோன "மலாயா" என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலின் மாலுமிகள். நல்ல மனத்தோடு கொடுத்தார்கள். சரி, அந்தக் கப்பலைக் கட்டப் பணம் கொடுத்தது யார்? பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பஹாங் ஆகிய நான்கு மாநிலங்கள் சேர்ந்த கூட்டாட்சி மலாய் மாநிலங்களின் அரசாங்கம், தன் கஜானாவிலிருந்து கொடுத்தது. அந்தக் கஜானா எப்படி நிரம்பிற்று? ஈயம் தோண்டியவனும் ரயில் பாதை போட்டவனும் காடு வெட்டியவனும் சிந்திய வியர்வையால் நிரம்பிற்று. அவர்களில் நம் பாட்டன்மாரும் உண்டு. அவர்கள் பணத்தில் மிதந்த கப்பலிலிருந்து நன்கொடையாக ஒரு கிண்ணம் இறங்கி வந்தது! நாட்டின் பெயராவது அதில் இருந்தது. அந்த மட்டில் நல்லது.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த தோட்டத்தில், அலுவலகப் பின்னறையில் பழைய கணக்குப் புத்தகங்கள் குவிந்து கிடந்தன. கரையான் தின்றது போக மீதியை அடுக்கி வைக்கச் சொன்னார் பெரிய கிராணியார். ஒரு புத்தகத்தில், ஆள் ஒன்றுக்கு ஐம்பது காசு பிடித்தம் என்று பக்கம் பக்கமாக எழுதியிருந்தது. எதற்கென்று பார்த்தால், விளையாட்டுக் கிண்ணம் வாங்க! அந்தத் தோட்டத்தில் எல்லோரும் அதைத் "துரை கிண்ணம்" என்றுதான் அழைத்தார்கள். அந்தக் காலத்துத் துரை ஒருவர் அன்போடு வழங்கினார் என்று கிழவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். பிடித்தம் கொடுத்தவர்களின் வரிசையில் என் பாட்டனார் பெயரும் இருந்தது. அவர் சாகும்வரை அந்தத் துரையைப் புகழ்ந்தவர். அவரிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ என்று இப்போதும் நினைக்கிறேன்.

தாமஸ் ஒருமுறை கொடுத்தார். இந்தக் கடைக்காரரோ ஆண்டுக்கு ஆண்டு தருவதாகச் சொல்கிறார். அது கிண்ணம் கொடுப்பதாகாது. பெயரை வாடகைக்கு எடுப்பதாகும். வாடகைக்கு வந்தவர் என்றாவது வீட்டைக் காலி செய்வார். நம் நாட்டுக் காற்பந்து லீக்கைப் பாருங்கள். பல ஆண்டுகள் அது டன்ஹில் சிகரெட்டின் பெயரைச் சுமந்தது. 2004ல் தொடங்கிய சூப்பர் லீக்கின் முதற்பருவமும் அந்தப் பெயரில்தான் நடந்தது, பஹாங் வென்றது. அதே ஆண்டில் புகையிலைப் பொருள்களுக்குப் புதிய சட்ட விதிகள் வந்தன. பிறகு சிகரெட்டின் பெயர் போய், தொலைபேசி நிறுவனத்தின் பெயர் வந்தது. ஓடி ஆடி நெஞ்சை விரிக்க வேண்டிய பிள்ளைகளின் ஆட்டத்துக்கு, நெஞ்சை அரிக்கும் புகையின் பெயரை இத்தனை காலம் வைத்திருந்தோமே! அன்று அது யாருக்கும் விசித்திரமாகத் தோன்றவில்லை.

மெர்டேக்கா போட்டியோ 1957ல் நாடு விடுதலை பெற்றபோது பிறந்தது. முதல் ஆண்டில் ஹாங்காங் வென்றது, அடுத்த ஆண்டு நாம் வென்றோம். பிற்காலத்தில் அந்தப் போட்டி மங்கியதுண்டு, சில ஆண்டுகள் நடக்காமலே போனதுண்டு. ஆனாலும் பெயர் மாறவில்லை. அதனால்தான் தாத்தாவும் பேரனும் ஒரே போட்டியைப் பற்றிப் பேச முடிகிறது.

நம் இளைஞர் ஒருவர் நேற்று என்னிடம் நல்ல கேள்வி கேட்டார். "அண்ணே, 1983ல் கபில்தேவ் தூக்கிய கிண்ணம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியின் பெயரில்தான் நடந்தது. அந்தப் பெயரை இன்று யார் நினைக்கிறார்கள்? உலகக் கிண்ணம் என்றுதானே சொல்கிறோம்? அதுபோல, கடைக்காரர் என்ன பெயரை எழுதினாலும் ஜனங்கள் தங்கள் வாய்க்கு வந்ததைத்தான் சொல்வார்கள்" என்றார். உண்மைதான். புருடென்ஷியல் கிண்ணம் என்பது அதன் பெயர். 1987ல் ரிலையன்ஸ், 1992ல் ஒரு சிகரெட், 1996ல் இன்னொரு சிகரெட் என்று பெயர் மாறிக்கொண்டே இருந்தது. 1999 முதல் அந்தப் பெரிய போட்டிக்கு அப்படி யார் பெயரும் முன்னால் வருவதில்லை. ஆனால் தம்பி, உலகக் கிண்ணத்துக்கு உலகமே சாட்சி இருக்கிறது. நம் போட்டிக்கு யார் சாட்சி? எட்டுத் தோட்டத்து ஜனங்கள் மட்டுமே. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் செம்பனைக்கு மாறியும் ஜனங்கள் பட்டணத்துக்குப் போய்க்கொண்டிருக்கும் காலம் இது. ஐந்தாண்டு அந்தப் பெயரில் நடந்தால் ஆறாம் ஆண்டு அது கடையின் போட்டிதான். இன்னொன்று: பெயரால் பயனில்லை என்றால், வியாபாரம் தெரிந்த மனிதர் அதற்கு 3,000 வெள்ளி ஏன் தருகிறார்?

இனி, சொல்லத் தயங்கிய ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நம் கோல்காவலர் அதோ பின்வரிசையில் இருக்கிறார். சென்ற ஆண்டு மூன்று மாதத் தவணை நின்றதற்காக, இரவில் லயத்து வாசலிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார்கள். எடுத்தவர்கள் இதே கடைக்காரர்கள். சங்கத்தின் சார்பில் கடிதம் எழுதினோம். அதைத் தட்டெழுதியவன் நான். இன்றுவரை பதில் இல்லை. போட்டிக்குப் பணம் தருவதாக வந்த கடிதமோ மூன்றே நாளில் இரண்டு முறை வந்தது. அந்தப் பெயரை மார்பில் அணிந்துகொண்டு அவர் கோலுக்கு முன் நிற்க வேண்டுமா?

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். அவரிடமே கேட்டேன். "கிராணியாரே, வண்டி போனது போனதுதான். பசங்களுக்குப் பூட்ஸ் வேண்டும். வாங்கிக் கொள்ளுங்கள்" என்றார். பெருந்தன்மையான பதில். ஆயினும் அவர் பொறுத்துக் கொள்கிறார் என்பதற்காக நாம் கேட்காமல் இருக்கலாகாது. நாளை இன்னொருவர் வண்டி போகும். அப்போது சங்கத்தின் கடிதத்தில் நாம் புகார் எழுதும் கடையின் பெயரும், அதே மேசையில் அச்சாகும் நோட்டீசில் நம் போட்டியின் பெயரும் ஒன்றாகவே இருக்கும். அந்தக் கடிதத்தைத் தட்டெழுத என் கை கூசும்.

ஒரு தாய் நேற்று எடைக்களத்தில் என்னைக் கேட்டார்: "நாங்க தினம் 500 மங்கு தூக்குறோம். பிள்ளைங்க ஒரு கிண்ணம் தூக்குறதுக்கு நாங்க காசு போட மாட்டோமா?" பந்தை ஒருநாளும் தொட்டறியாத அந்த அம்மாளுக்கு இருக்கும் ரோஷம் நமக்கு வேண்டாமா?

ஆகவே நான் கொண்டுவரும் தீர்மானம் இது. கடையின் பணத்தை நன்கொடையாகத் தந்தால் ரசீது கொடுத்துப் பெற்றுக்கொள்வோம். திடலில் ஒரு பதாகை கட்டிக்கொள்ளட்டும், நோட்டீசின் கீழே நன்றி ஒரு வரி அச்சிடுவோம். போட்டியின் பெயரும் கிண்ணத்தின் பெயரும் இப்போது இருப்பதுபோலவே இருக்கும். மோட்டார் சைக்கிள் பற்றிய கடிதத்துக்குப் பதில் கேட்டு, இதே உறையில் நினைவூட்டல் ஒன்றும் அனுப்புவோம். இதற்கு அவர்கள் சம்மதிக்காவிட்டால், உறுப்பினர் ஒருவருக்கு மாதம் இரண்டு வெள்ளி என்று போட்டி முடியும்வரை சந்தா திரட்டுவோம். அலுவலகப் பிடித்தமாக அல்ல. கையில் வாங்கி, கையெழுத்துப் போட்டு, மாதாமாதம் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுவோம். அதுவும் பற்றாவிட்டால் அந்தந்தத் தோட்டத்து லாரியை ஞாயிற்றுக்கிழமை கேட்டு எழுதுவோம். பூட்ஸ் எத்தனை ஜோடி உண்மையில் தேவை என்ற பட்டியலை, கோல்காவலரையே தயாரிக்கச் சொல்கிறேன்.

சந்தாப் புத்தகத்தை இந்த மேசைமேல் வைக்கிறேன். முதல் பக்கத்தில் என் பெயரை எழுதியிருக்கிறேன். தீர்மானத்தை வழிமொழிபவர் எழுந்து சொல்லலாம். எதிர்ப்பவர் இருந்தால் அவரை முதலில் பேச விடும்படி தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.