துடுக்கும் துணிவும்

மேலிருப்பவரை எதிர்த்து வாய் திறப்பவரைக் குறிக்கத் தமிழில் புழங்கும் சொற்களில் பல உடலிலிருந்தே பிறந்திருக்கின்றன. எதிர்த்துப் பேசினால் ‘வாய்க்கொழுப்பு’ என்றும் பணிய மறுத்தால் ‘தலைக்கனம்’ என்றும் சொல்லும் வழக்கில், வயிறு நிறைந்து உடம்பில் கொழுப்பு ஏறியதால்தான் ஒருவன் எதிர்க்கிறான் என்ற எண்ணம் ஒளிந்திருக்கிறது. கூலியை உயர்த்திக் கேட்ட அரைவயிற்றுப் பண்ணையாளுக்கும் இதே கொழுப்புதான் பட்டமாகக் கிடைத்தது. ‘திமிர்’ இன்னும் சுவையானது: நெடுநேரம் சம்மணமிட்டு எழுபவரின் கால் மரத்துப்போவதைக் குறிக்கும் அச்சொல்லே, அதட்டல் எதுவும் உறைக்காத மனநிலைக்கும் பெயராக வழங்குகிறது.

‘துடுக்கு’ என்பதில் கண்டிப்போடு சற்றே செல்லமும் கலந்திருப்பதால் அது சிறுவருக்கே பெரிதும் பொருந்தும். அதே பேச்சைக் கடைநிலை ஊழியர் பேசினால் அது திமிராகி, குறிப்பாணையில் ஏறும்போது ‘ஒழுங்கீனம்’ என்றும் ‘கீழ்ப்படியாமை’ என்றும் உடை மாற்றிக்கொள்கிறது. மரியாதைக் குறைவுக்கு வசைச்சொல்கூடத் தேவையில்லை. ‘சொல்லுங்கள்’ என்பதில் ‘உங்கள்’ உதிர்ந்து ‘சொல்’ என்று நின்றாலே, ‘ஒருமையில் பேசினார்’ என்ற குற்றச்சாட்டு எழுந்துவிடும். மேலதிகாரி நாள்தோறும் ஒருமையில் விளிப்பதை மட்டும் எவரும் துடுக்கு என்பதில்லை.

திருக்குறளின் 90ஆம் அதிகாரமான ‘பெரியாரைப் பிழையாமை’, ஆற்றல் மிக்கோரை அவமதிப்பதால் விளையும் கேட்டைப் பேசுகிறது. அங்கே ‘பிழைத்தல்’ என்பது இன்றைய வழக்கைப்போல உயிர் தப்புவதைக் குறிக்காமல், தவறு இழைப்பதைக் குறிக்கிறது.

ஆள்வோரை எதிர்ப்பதற்கு இழிவு ஒட்டாத சொற்களை விடுதலைப் போராட்டம் பரப்பியது. ‘ஒத்துழையாமை’, ‘சட்டமறுப்பு’ ஆகிய இரண்டிலும் எதிர்ப்பவனின் வாயோ தலையோ கொழுப்போ இடம்பெறவில்லை. அவன் செய்ய மறுக்கும் செயல் மட்டுமே இருக்கிறது. 1930 ஏப்ரலில் ராஜாஜியின் தலைமையில் திருச்சிராப்பள்ளியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பு அள்ள நடந்தவர்கள் தங்கள் செயலைச் சட்டமறுப்பு என்றே அழைத்தார்கள். அவர்களுக்கு உணவும் இடமும் கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தபோது, வழியிலிருந்த ஊர்க்காரர்கள் அவரிடம் ஒரு சொல்லும் எதிர்த்துப் பேசாமல், சோற்றுப் பொட்டலங்களைச் சாலையோர மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டார்கள்.