கேட்ச் அரவிந்த், பவுலிங் மெய்யப்பன்

2022 அக்டோபர் 18, ஆஸ்திரேலியாவின் கீலாங் நகரம். டி20 உலகக் கோப்பையின் முதல் சுற்றில் இலங்கை 2 விக்கெட்டுக்கு 117 ரன் எடுத்து நிம்மதியாக ஆடிக்கொண்டிருக்கிறது. 15ஆவது ஓவரின் நான்காவது பந்தைத் தூக்கி அடித்த பானுக ராஜபக்ச கேட்ச் கொடுத்தார். ஐந்தாவது பந்தில் அசலங்க கீப்பரிடம் மாட்டினார். ஆறாவது பந்து கூக்ளி. கேப்டன் ஷனக அதைக் கணிக்கவே இல்லை, ஸ்டம்ப் சாய்ந்தது.

ஹாட்ரிக்! எடுத்தவர் ஐக்கிய அரபு அமீரகத்தின் லெக் ஸ்பின்னர் கார்த்திக் மெய்யப்பன். பத்து நாள் முன்புதான் அவருக்கு 22 வயது நிறைந்திருந்தது. பிறந்தது சென்னையில். இரண்டாவது விக்கெட்டுக்கு கேட்ச் பிடித்த கீப்பர் விருத்யா அரவிந்தும் சென்னையில் பிறந்தவர்தான். ஸ்கோர் அட்டையில் அந்த ஒரு வரியை மட்டும் பார்த்தால், ஏதோ சென்னை லீக் ஆட்டம் என்றே தோன்றும்.

சென்னையில் பிறந்தவர்கள் வேறு நாட்டுக்கு ஆடுவது, இங்கே ராயபுரத்தில் இருப்பவர்களுக்குப் பெரிய அதிசயமாக இருக்காது. 1856இல் திறந்த ரயில் நிலையமும் பக்கத்துத் துறைமுகமும் உள்ள ஊர் இது. ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் ஆஸ்திரேலியாவுக்கும் இங்கிலாந்துக்கும் போனதைப் பார்த்த தெருக்கள். பிழைப்புக்குப் போன இடத்தில் பிள்ளைகள் வளர்கிறார்கள். வளர்ந்த இடத்தில்தானே ஆடுவார்கள்? 1968இல் இதே சென்னையில் பிறந்த நாசர் உசேன் சிறுவயதில் இங்கிலாந்து போனார். அவருடைய அப்பா மெட்ராஸ் அணிக்கு ரஞ்சி ஆடியவர். மகனோ 45 டெஸ்ட்களில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கினார்.

அமீரகத்தின் கதை கொஞ்சம் வேறு. அங்கே குடியுரிமை லேசில் கிடைக்காது. ஆனால் மூன்றாண்டுகள் ஒரு நாட்டையே வீடாகக் கொண்டு வாழ்ந்தவர் அந்த நாட்டுக்கு ஆடலாம் என்கிறது ஐசிசி விதி. அதனால் வேறு நாட்டு பாஸ்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டே அமீரகச் சட்டை போடலாம். முன்பெல்லாம் சம்பளத்துக்குத் தனி வேலையும் வேண்டியிருந்தது. 2014இல் 43 வயதில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக 132 ரன் குவித்த குர்ரம் கான், எமிரேட்ஸ் விமானத்தில் பணியாளர். சதம் அடித்தவர் சாப்பாட்டுத் தட்டும் நீட்டியிருப்பார்!

ஹாட்ரிக் எடுத்த அன்று அமீரகம் ஜெயிக்கவில்லை. 73 ரன்னில் சுருண்டது. இரண்டு நாள் கழித்து அதே மைதானத்தில் நமீபியாவை 7 ரன் வித்தியாசத்தில் வீழ்த்தியது. டி20 உலகக் கோப்பையில் அமீரகத்தின் முதல் வெற்றி அது. கேப்டன் ரிஸ்வான் கேரளத்தின் தலச்சேரிக்காரர். எதிரே 55 ரன் அடித்துக் கடைசி ஓவர் வரை பயமுறுத்திய டேவிட் வீசே, முன்பு தென்னாப்பிரிக்காவுக்கு ஆடியவர். நமீபியா தோற்றதால் அடுத்த சுற்றுக்குப் போனது நெதர்லாந்து. அந்த அணியிலும் ஒரு பழைய தென்னாப்பிரிக்க வீரர் இருந்தார், ரூலஃப் வான் டெர் மெர்வ.