தொட்டித் தண்ணீரும் மண்ணின் துணையும்

மத்திய அரசின் மொழிபெயர்ப்புப் பணியில் இருக்கும் நம் மேசைக்குக் கால்நடை வளர்ப்பைப் பற்றிய கையேடுகளும் வருவதுண்டு. அவற்றுள் ஒன்றில், பனிக்காலத்தில் மாட்டுத் தொட்டித் தண்ணீர் உறைந்து போகாமல் மின்சாரத்தின் உதவியின்றிக் காப்பது எப்படி என்று ஒரு பகுதி இருந்தது. அதைத் தமிழாக்கும்போது ‘உறைதல்’ என்னும் சொல்லில் சற்று நின்றோம். நம் வீடுகளில் பால் உறைந்து தயிராகும். மார்கழிக் காலையில் நெய் உறையும். தொட்டித் தண்ணீர் உறைந்து சித்தூரிலோ திருப்பதியிலோ யாரும் கண்டதில்லை. அங்கே மாடு வைத்துப் பிழைப்பவருக்கு இப்பகுதியால் யாது பயன் என்றே முதலில் தோன்றியது. ஆயினும் படித்து முடித்தபோது நம் எண்ணம் மாறிற்று. குளிர்நாட்டுக் குடியானவர் தம் தொட்டி நீரை உறையாமல் காக்கும் முறைகளின் அடிப்படை எதுவோ, அதுவே நம் கோடையில் தொட்டி நீரைச் சூடேறாமல் காப்பதற்கும் அடிப்படை என்று கண்டோம். அதனை விளக்குவதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில், இதில் இத்தனை அக்கறை எதற்கு என்பதைச் சொல்லிவிட வேண்டும். பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்கு தண்ணீரே. மாடு ஒரு லிட்டர் பால் சுரக்க ஏறக்குறைய நான்கைந்து லிட்டர் தண்ணீரைக் குடித்தாக வேண்டும். தன் உடலைக் காத்துக்கொள்ள அது குடிப்பது இதற்குப் புறம்பானது. கோடையில் கலப்பினக் கறவை ஒன்று நாளொன்றுக்கு நூறு லிட்டர் வரையிலும் குடிக்கக் கூடும். தண்ணீர் குறைந்தால் மாடு முதலில் தீனியைக் குறைத்துக்கொள்ளும். அடுத்தபடியாகப் பால் குறையும். சித்தூர் மாவட்டத்திலும், 2022ஆம் ஆண்டு ஏப்ரலில் தனி மாவட்டமான திருப்பதியிலும், மழை பொய்த்த ஆண்டுகளில் நிலக்கடலை கைவிட்ட குடும்பங்களைத் தாங்கி நிற்பது பால் வரவுதான். பெரும்பாலும் அது வீட்டுப் பெண்ணின் உழைப்பால் வருவது. பிள்ளையின் பள்ளிச் செலவும் மளிகைக் கடைக் கடனும் அந்தக் கணக்கில்தான் தீருகின்றன.

மாட்டின் உடற்சூடு ஏறக்குறைய முப்பத்தெட்டரை டிகிரி. சித்திரை வைகாசியில் திருப்பதிச் சமவெளியில் பகல் வெப்பம் நாற்பது டிகிரியைத் தாண்டுவது வழக்கம். வெட்டவெளியில் நிற்கும் கருநிறத் தொட்டியிலும், தரைமேல் கிடக்கும் குழாயிலும் உள்ள நீர் அதற்கும் மேலே சுடும். தன் உடலைவிடச் சூடான நீரைக் குடித்து மாடு எவ்வாறு குளிர்ச்சி பெற இயலும்? ஒரு வாய் வைத்துவிட்டு விலகி நின்றுவிடும். தொட்டி நிறையத் தண்ணீர் இருக்கிறதே என்று நாம் நினைப்போம். மாடோ தாகத்தோடு நிற்கும். எருமையின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அதன் தோல் கறுப்பு. வியர்வைச் சுரப்பிகளும் குறைவு. நீரில் கிடந்தாலன்றி அதன் உடற்சூடு எளிதில் தணியாது.

முற்காலத்தில் இத்தொல்லை இவ்வளவு இருந்ததில்லை. கபிலை இறைத்த நாட்களில், காளைகள் இறைத்த நீர் கிணற்றிலிருந்து நேரே கல் தொட்டியில் விழுந்து பிறகே வாய்க்காலில் ஓடிற்று. இறைக்கிற காளையும் மேய்ந்து வருகிற பசுவும் அங்கேயே குடித்தன. தண்ணீர் தேங்கிச் சூடேற நேரமே இல்லை. இப்பொழுது அக்கிணறுகளில் பல தூர்ந்துவிட்டன. ஆழ்துளைக் கிணறுகள் பல ஊர்களில் ஆயிரம் அடியையும் எட்டிவிட்டன. அத்தனை ஆழத்து நீரைக் கையால் இறைக்க முடியாது; மின்சாரம் வேண்டும். வேளாண்மைக்குரிய மின்சாரமோ நாளில் குறிப்பிட்ட சில மணி நேரமே வருகிறது. ஆகவே, வரும்போது பிடித்து வைத்த தண்ணீரை, வராத நேரத்தில் மாடு விரும்பிக் குடிக்கும் நிலையில் வைத்திருப்பதே இன்றைய பிரச்சினை. குளிர்நாட்டுக் குடியானவரின் பிரச்சினையும் இதுவே. அவர் அஞ்சுவது குளிருக்கு. நாம் அஞ்சுவது வெயிலுக்கு.

இரண்டுக்கும் துணை எது என்று கேட்டால், காலடியில் கிடக்கும் மண் என்றே சொல்ல வேண்டும். மார்கழி விடியலில் கிணற்று நீர் வெதுவெதுப்பாக இருக்கிறது. சித்திரை நண்பகலில் குளிர்ந்திருக்கிறது. இதை நாம் எல்லோரும் கையால் தொட்டு அறிந்திருக்கிறோம். உண்மையில் கிணற்று நீரின் சூடு அதிகம் மாறுவதே இல்லை. மாறுவது வெளிக்காற்றும் நம் கையின் உணர்ச்சியுமே. தரைக்குக் கீழே ஒன்றரை அடி சென்றால், பகல் வெயிலும் இரவுக் குளிரும் அநேகமாக எட்டுவதில்லை. பத்து மீட்டர் ஆழத்தில் ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே சூடுதான். குளிர்நாட்டில் மண் ஓர் அடுப்பு. நம் நாட்டில் அதே மண் ஒரு குளிர்ப்பெட்டி. இரண்டுக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை.

மண்ணின் இந்தத் தன்மையை நம் நாட்டவர் முன்பே நன்கு அறிந்திருந்தனர் என்பதற்கு ஒரு வியப்பான சான்று உண்டு. இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் வித்தை தோன்றுவதற்கு நெடுங்காலம் முன்னரே, அலகாபாத் முதலிய வடநாட்டு ஊர்களில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டி செய்தார்கள். ராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயர் 1775ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சங்கத்தின் வெளியீட்டில் அதை விவரித்து எழுதினார். திறந்த வெளியில் சுமார் இரண்டடி ஆழத்துக்குப் பள்ளம் தோண்டுவார்கள். அதில் கரும்புத் தட்டையையோ சோளத் தட்டையையோ கனமாகப் பரப்புவார்கள். அதன்மேல் மெருகிடாத மண் தட்டுகளை வரிசையாக வைத்து, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் ஊற்றி வைப்பார்கள். வானம் தெளிந்து காற்று அடங்கிய இரவானால், விடியலில் தட்டுகளில் பனிக்கட்டி படிந்திருக்கும். காற்றின் குளிர் உறைநிலையை எட்டாத இரவுகளிலும் இது நடந்தது.

இதன் காரணம் எளிது. தட்டில் உள்ள நீர் தன் சூட்டைத் தெளிந்த வானத்தை நோக்கி வெளியிட்டுவிடுகிறது. மண் தட்டின் நுண்துளைகள் வழியே கசியும் நீர் ஆவியாகி மேலும் சூட்டைக் கொண்டுபோகிறது. கீழேயுள்ள பூமி தன் சூட்டைக் கொடுக்க வந்தாலோ, இடையிலுள்ள தட்டை அதைத் தடுத்துவிடுகிறது. நீரும் மிகக் குறைவு; ஆகவே விரைவில் உறைகிறது. நீரை உறைய வைக்க இந்த நான்கும் வேண்டும். எனவே, உறையாமல் காக்க விரும்புவோர் இந்த நான்கையும் மாற்றிச் செய்தால் போதும்: மேலே மூடி வேண்டும், கசியாத தொட்டி வேண்டும், அடியில் பூமியின் தொடர்பு வேண்டும், நீர் ஆழமாக இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலேயே இது தேவைப்படும் இடம் நீலகிரி. மார்கழி, தை மாதங்களில் உதகமண்டலத்துப் புல்வெளிகளில் உறைபனி வெண்மையாகப் படியும். தாழ்வான இடங்களில் வெளியே வைத்த ஆழமற்ற பாத்திரத்து நீர் மேலே ஏடு படிவதுபோல் உறைந்துவிடும். அங்கே தொட்டியை இரவில் பலகையால் மூடி வைக்கலாம். சிறிய தொட்டியானால் கவிழ்த்து வைத்துவிட்டுக் காலையில் ஊற்று நீரை நிரப்பலாம். மண்ணுக்குள்ளிருந்து வரும் ஊற்று நீரே ஒருவகை வெந்நீர் என்று கொள்ள வேண்டும். லடாக்கில் குளிர் இதைவிடப் பன்மடங்கு கொடியது. லே நகரில் பூஜ்யத்துக்குக் கீழே இருபது டிகிரி வரை இறங்கும். அங்கே பழைய முறையில் கட்டிய வீடுகளின் கீழ்த்தளம் கால்நடைகளுக்கே உரியது. சுவரின் கனமும் விலங்குகளின் உடற்சூடும் சேர்ந்து அவ்விடத்தைக் காக்கின்றன.

ஆழமான நீர் ஏன் எளிதில் உறைவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். நீர் பூஜ்ய டிகிரிக்கு வந்தவுடனே கட்டியாகிவிடாது. எண்பது டிகிரிச் சூடான நீர் பூஜ்யம் வரை ஆறுவதற்கு எவ்வளவு சூட்டை இழக்குமோ, அவ்வளவு சூட்டை மீண்டும் இழந்தால்தான் அது முழுவதும் கட்டியாகும். ஆகவே பெரிய தொட்டி ஓர் இரவைத் தாங்கும். சிலர் தொட்டி நீரில் உப்பைக் கரைத்தால் உறையாது என்பார்கள். அது தவறான யோசனை. உறைவதைத் தடுக்கும் அளவு உப்பிட்ட நீர் மாட்டுக்கு ஆகாது.

இனி நம் சித்தூருக்குத் திரும்புவோம். இங்கே செய்ய வேண்டியவை இவை.

தொட்டியைத் தரைமேல் நிறுத்தாமல், பாதி உயரம் மண்ணுக்குள் இருக்கும்படி அமைப்பது நல்லது. கிணற்றுக்கு இறக்கும் சிமெண்டு உறை ஒன்றை இரண்டடி ஆழத்தில் இறக்கி, அடியைப் பூசிவிட்டாலே போதும். வெளியே தெரியும் பகுதியைச் சுற்றி மண்ணை அணைத்துவிடலாம். கன்று தவறி விழாதவாறு விளிம்பு உயரமாக இருக்கட்டும். மோட்டாரிலிருந்து வரும் குழாயையும் ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்துவிட வேண்டும்.

இடம் தேர்வதில் கவனம் வேண்டும். பிற்பகல் நிழல் கிழக்கே விழும். ஆதலால் புளிய மரத்துக்கோ புங்க மரத்துக்கோ கொட்டிலின் சுவருக்கோ கிழக்குப் புறத்தில் தொட்டி அமைந்தால், வெயில் கொடிய நேரத்தில் நிழல் கிடைக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தொட்டியைக் கழுவி, உள்ளும் புறமும் சுண்ணாம்பு அடித்துக் காயவிட வேண்டும். வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும், பாசியும் கட்டுப்படும்.

வெளிப்புறத்தில் கோணிச் சாக்கைச் சுற்றி நனைத்து வைப்பதும் பயன்தரும். ஒரு லிட்டர் நீர் ஆவியாகும்போது எடுத்துக்கொள்ளும் சூடு, ஐம்பத்தெட்டு லிட்டர் நீரைப் பத்து டிகிரி குளிரச் செய்வதற்கு ஈடானது. வெளிக்காற்றும் தன் சூட்டைக் கொண்டுவந்து சேர்ப்பதால் இப்பயன் முழுவதும் கிட்டாது. கிட்டும் பங்கே போதுமானது. மண் பானை நீர் குளிர்வதும் இதனால்தான். குப்பம், பலமனேர்ப் பக்கத்து வறண்ட காற்றில் இது நன்றாக நடக்கும். கடலோர ஈரக்காற்று வீசும் சூலூர்ப்பேட்டைப் பக்கத்தில் பலன் குறையும். அங்கே நிழலையும் மண்ணையுமே அதிகம் நம்ப வேண்டும்.

கீற்றுத் தட்டி ஒன்றும் வேண்டும். கோடையில் பகலில் மாடு வாய் வைக்கும் இடம் தவிர மற்றதை மூடி, இரவில் திறந்து வைக்க வேண்டும். திறந்த வானம் பகல் சூட்டை வாங்கிக்கொள்ளும். குளிர்நாட்டிலோ பகலில் திறந்து வெயிலை வாங்கி, இரவில் மூடுவார்கள். இந்த ஒரு விதியை நினைவில் வைத்தால் மற்றவை தாமே விளங்கும்.

கடைசியாக, மின்சாரம் வரும் நேரத்தில் நிரப்பிக்கொள்ளும் சேமிப்புத் தொட்டி ஒன்றைச் சற்று மேட்டில், நிழலில் அமைக்கலாம். மாட்டுத் தொட்டியில் மிதவை வால்வு ஒன்றைப் பொருத்திவிட்டால், நீர் குறையக் குறையத் தானே இறங்கி நிரம்பும். ஆளும் வேண்டாம்; மின்சாரமும் வேண்டாம். பத்துப் பதினைந்து மாடுகள் இருக்கும் தெருவினர் கூடி ஒன்றாகவும் கட்டிக்கொள்ளலாம்.

பலமனேரில் உள்ள கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் காத்துவரும் புங்கனூர்ப் பசு, ஒரு மீட்டர் உயரமும் எட்டாத சிறிய இனம். இந்நாட்டு வெயிலோடு பழகியது. குறைந்த தீனியிலும் நீரிலும் வாழக்கூடியது. பெரிய உடலும் மிகுந்த பாலும் உடைய கலப்பினப் பசுவை நாம் நம் விருப்பத்தால் கொண்டுவந்தோம். வெயிலை அறியாத முன்னோரின் இரத்தம் அதன் உடலில் ஓடுகிறது. அதற்குத் தண்ணீர் தருவது நம் பொறுப்பு. திருப்பதியில் 1955ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்கி வருகிறது. மருந்துக்காக அங்கே செல்லும் நாம், மருந்து தேவைப்படாமல் செய்யும் வழியையும் கேட்டுவரலாம்.

ஆவுக்கு வாயுறை கொடுப்பதையும், அது உடலை உராய்ந்துகொள்ளத் தறி நடுவதையும் முப்பத்திரண்டு அறங்களில் சேர்த்தார்கள் நம் முன்னோர். வாயில்லாச் சீவன் தண்ணீர் சுடுகிறது என்று சொல்லாது. விலகி நிற்பதோடு சரி. ஆகவே, நேயர்களே, நாளை நண்பகலில் உங்கள் தொட்டித் தண்ணீரில் ஒருமுறை கையை விட்டுப் பாருங்கள். உங்கள் கைக்குச் சுட்டால், மாட்டின் வாய்க்கும் சுடும். அன்று மாலையே மண்வெட்டியை எடுங்கள்.