கொறுக்காய்ப்புளியும் கொழுப்புக் குளிசையும்

கொறுக்காய்ப்புளி இலங்கையின் அடுப்படிக்குப் புதிய பொருள் அன்று. தென்னிலங்கையின் ஈரவலயத்தில் விளையும் இக்கனியை வெட்டி உலர்த்தி, மீன் கறிக்குப் புளிப்பாக இடுவர். பழப்புளியையே பெரிதும் விரும்பும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் அது அறியாப் பொருள் அன்று. அதே கனியின் சாரம் போத்தலில் அடைக்கப்பட்டு, 'கார்சீனியா' என்னும் பெயர் பூண்டு, கொழுப்பை எரிக்கும் குளிசையாக விற்கப்படுகின்றது. உடற்பயிற்சியோடு இக்குளிசையையும் சேர்த்துக்கொண்டால் உடல் விரைவில் மெலியுமா?

முதலில், கொழுப்பு எரிதல் என்றால் யாது? உடலிலுள்ள கொழுப்பு ஒட்சிசனுடன் கூடிக் காபனீரொட்சைட்டாகவும் நீராகவும் மாறுவதே அது. 2014 இல் அவுஸ்திரேலிய ஆய்வாளர் இருவர் வெளியிட்ட கணக்கின்படி, 10 கிலோகிராம் கொழுப்புக் குறையும்போது 8.4 கிலோகிராம் மூச்சுக்காற்றோடு வெளியேறுகின்றது; எஞ்சிய 1.6 கிலோகிராம் நீராகின்றது. கொழுப்பு உருகி வியர்வையாக வழிகின்றது என்னும் எண்ணம் தவறானது. ஒரு கிலோகிராம் உடற்கொழுப்பில் ஏறத்தாழ 7,700 கலோரி அடங்கியுள்ளது. யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறைக்குச் சைக்கிளில் ஒருமுறை செல்பவருக்கு ஏறக்குறைய 400 கலோரி செலவாகலாம். உணவைக் கூட்டாமல் இருபது முறை சென்றாலே ஒரு கிலோகிராம் குறையும். இந்த நீண்ட வழியைச் சுருக்கித் தருவதாகவே குளிசை வாக்களிக்கின்றது.

இவ்வாக்கு வெறுங்கற்பனையிற் பிறந்ததன்று. 1965 இல் மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழினுட்ப ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த லூயிசும் நீலகண்டனும், இக்கனியின் புளிப்புக்குக் காரணம் ஐதரொட்சிச் சித்திரிக்கமிலம் என்று கண்டறிந்தனர். மிகுதியான மாப்பொருளை உடல் கொழுப்பாக மாற்றுவதற்கு உதவும் நொதியம் ஒன்றை இவ்வமிலம் தடுக்கின்றது என 1969 இல் அமெரிக்க ஆய்வாளர் காட்டினர். பின்னர் எலிகளில் நிகழ்ந்த சோதனைகளும் நம்பிக்கை அளித்தன. ஆயினும் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். புதுக்கொழுப்பு உண்டாவதைத் தடுத்தல் வேறு. உள்ள கொழுப்பை எரித்தல் வேறு. மேலும் மனித உடலில், வழக்கமான உணவு உண்ணும்போது, மாப்பொருளிலிருந்து உண்டாகும் கொழுப்புச் சிறிதளவே.

1998 இல் அமெரிக்காவில் உடல் பருத்தோர் 135 பேரிடம் இக்குளிசை சோதிக்கப்பட்டது. ஒரு பிரிவினர்க்கு நாள்தோறும் 1,500 மில்லிகிராம் அமிலமும், மற்றப் பிரிவினர்க்கு மருந்தற்ற போலிக் குளிசையும் கொடுக்கப்பட்டன. இரு பிரிவினரும் குறைந்த கலோரி உணவையே உண்டனர். பன்னிரண்டு வாரங்களின் பின் அமிலம் உண்டோர் சராசரியாக 3.2 கிலோகிராமும், போலிக் குளிசை உண்டோர் 4.1 கிலோகிராமும் குறைந்திருந்தனர். இவ்வேறுபாடு தற்செயலாக நேரக்கூடியதே. 2011 இல் பல சோதனைகளைத் தொகுத்து நோக்கியோர், குளிசையால் ஒரு கிலோகிராமுக்கும் குறைவான நன்மையையே கண்டனர். கண்டிப்பாக நடத்தப்பட்ட சோதனைகளை மட்டும் எடுத்தபோது அதுவும் உறுதிப்படவில்லை.

அங்ஙனமாயின், பயன் கண்டதாகச் சிலர் உறுதியாகக் கூறுவது எவ்வாறு? குளிசை வாங்கும் அன்றே அவர்கள் பயிற்சியையும் தொடங்குகின்றனர், சீனியைக் குறைக்கின்றனர், இரவுச் சோற்றை அளந்து உண்கின்றனர். உடல் மெலிகின்றது. உழைத்தவை காலும் நாவும், புகழ் குளிசைக்கு.

இத்தகைய குளிசைகள் பலவற்றில் கஃபீனும் சேர்க்கப்படுகின்றது. அது உடலின் சக்திச் செலவைச் சிறிது கூட்டும். நெடுநேரம் ஓடுபவர்க்கும் ஓரளவு துணைபுரியும். ஆனால் தேநீரிலும் கோப்பியிலும் உள்ளதும் அதே கஃபீன்தான்.

பயனின்மை மட்டுமாயின் பணநட்டத்தோடு முடிந்துவிடும். தீங்கும் உண்டு. 2009 இல் ஐக்கிய அமெரிக்க உணவு மருந்து நிருவாகம், 'ஹைட்ரொக்சிகட்' எனப்பட்ட கலவைக் குளிசைகளை உடனே நிறுத்துமாறு மக்களை எச்சரித்தது. அவற்றை உண்டோரிடையே கடுமையான உடற்பாதிப்புகள் பற்றி 23 முறைப்பாடுகள் வந்திருந்தன. ஈரல் பழுதடைந்து ஒருவர் இறந்துமிருந்தார். 2018 இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம், பச்சைத் தேயிலைச் சாரக் குளிசைகளை அளவுமீறி உண்டால் ஈரலுக்குத் தீங்கு நேரலாம் எனக் கூறியது. கறியிலிடும் இரண்டு துண்டுக் கொறுக்காய்க்கோ, கோப்பையிலுள்ள தேநீருக்கோ இவ்வச்சம் பொருந்தாது. செறிவாக்கிய சாரத்தை நாள்தோறும் விழுங்குவதே ஆபத்து.

விளையாட்டு வீரர்க்கு இன்னுமோர் இடர் உண்டு. இதயத்துக்குத் தீங்கு என்று 2010 இல் பல நாடுகளில் விலக்கப்பட்ட சிபுத்திராமின் என்னும் மருந்து, 'மூலிகை' என விற்கப்பட்ட மெலிவுக் குளிசைகளில் மறைவாகக் கலந்திருந்தமை பலமுறை வெளிப்பட்டுள்ளது. போட்டிக்காலத்தில் அது தடைசெய்யப்பட்ட பொருள். அறியாமல் உண்டேன் என்பதனால் மட்டும் வீரர் தண்டனைக்குத் தப்புவதில்லை; பல ஆண்டுப் பயிற்சி ஒரு போத்தலால் வீணாகலாம்.

ஏற்கெனவே இவற்றை உண்பவர், கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கடுமையாக நிறம் மாறினாலோ, உடனே நிறுத்தி மருத்துவரிடம் போத்தலையும் கொண்டு செல்லல் வேண்டும். நீரிழிவுக்கு மருந்து உண்பவர் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. நிறை குறையாத வாரங்களிலும் பயிற்சி வீணாவதில்லை. தசை வலுப்பெறும், இரத்தத்திலுள்ள சீனி தணியும், இதயம் உறுதியடையும். குளிசைக்கு ஒதுக்கிய பணத்தை மீனுக்கும் முருங்கையிலைக்கும் பயற்றுக்கும் செலவிட்டு, தட்டிலுள்ள சோற்றைச் சிறிது குறைத்தவர், இழந்தது ஒன்றுமில்லை.