அஞ்சினான் புகலிடம்

 

இந்தப் புசா ரோட்டுக்குப் பக்கத்தில்தான் கரோல் பாக் இருக்கிறது. 1947 செப்டம்பரில் தில்லியில் பெரிய கலவரம் நடந்தது. கரோல் பாகில் வாழ்ந்த முஸ்லிம் குடும்பங்கள் உயிருக்குப் பயந்து ஓடின. தில்லி முழுவதிலும் இருந்து ஆயிரக்கணக்கான பேர் புராணா கிலாவிலும் ஹுமாயூன் சமாதியிலும் போய்த் தங்கினார்கள். ஒன்று பழைய கோட்டை. மற்றது ஓர் அரசரின் கல்லறை. குழந்தை குட்டிகளோடு ஓடுகிறவர்கள் கல்லறையில் ஏன் ஒதுங்க வேண்டும்? அங்கே வந்து கை வைக்க மாட்டார்கள் என்று நம்பினார்கள்.

இப்படி ஓர் இடம் வேண்டும் என்ற எண்ணம் பழையது. நம் தமிழ்நாட்டில் அதற்குப் பெயரே இருந்தது. அஞ்சினான் புகலிடம்! பயந்து வந்தவன் ஒதுங்கும் இடம் என்று பொருள். புதுக்கோட்டைப் பகுதியிலும் கொங்கு நாட்டிலும் கிடைத்த கல்வெட்டுகளில் இந்தப் பெயர் வருகிறது.

சுமார் 600, 700 ஆண்டுகளுக்கு முன் நாட்டில் அமைதி இல்லை. பெரிய அரசுகள் தளர்ந்துவிட்டன. ஊருக்கு ஊர் சிறு தலைவர்கள் ஆயுதம் ஏந்தினார்கள். சண்டை போட்டவர்கள் அவர்கள். மாட்டையும் நெல்லையும் இழந்தவர்கள் உழுத மக்கள். அதனால் சில இடங்களைப் புகலிடம் என்று அறிவித்தார்கள். அங்கே வந்தவரைத் துரத்தி வந்து பிடிக்கக் கூடாது.

புதுக்கோட்டைப் பகுதியில் சில தலைவர்கள் கூடி ஓர் ஒப்பந்தமே செய்தார்கள். "இனி எங்களுக்குள் சண்டை வந்தாலும் ஊர்களை அழிக்க மாட்டோம், உழுகிறவர்களுக்குத் தீங்கு செய்ய மாட்டோம்" என்பது அதன் சாரம். மீறினால் தண்டம் கட்ட வேண்டும். கவனியுங்கள். சண்டையே போட மாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை!

கோயில் நிலத்துக்கும் இப்படி அடையாளம் உண்டு. சிவன் கோயில் நிலத்தின் எல்லையில் சூலம் செதுக்கிய கல்லை நட்டார்கள். பெருமாள் கோயில் நிலம் என்றால் சக்கரம் செதுக்கிய கல். எழுத்து தெரியாதவரும் படத்தைப் பார்த்தே எல்லையைத் தெரிந்துகொள்ளலாம். ஆனால் கல்வெட்டில் உள்ள நிபந்தனை என்ன, தண்டம் எவ்வளவு? அதை அறிய, படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

கடல் கடந்த கிரேக்க நாட்டிலும் இதே வழக்கம் இருந்தது. அதற்கு அசிலியா என்று பெயர். கொள்ளையடிக்கக் கூடாத இடம் என்பது கருத்து. தியோஸ் என்ற ஒரு நகரம் இருந்தது. சுமார் 2,200 ஆண்டுகளுக்கு முன் அந்த ஊரார் பல நகரங்களுக்கும் தூதர்களை அனுப்பினார்கள். "எங்கள் ஊரும் நிலமும் எங்கள் தெய்வத்துக்கு உரியவை. இங்கே படையெடுக்காதீர்கள்" என்று கேட்டார்கள். பல நகரங்கள் சம்மதித்துக் கடிதம் கொடுத்தன. அவற்றைக் கல்லில் வெட்டி வைத்தார்கள். தெய்வம் காக்கும் என்று சும்மா இருந்துவிடவில்லை. பக்கத்து ஊராரின் வாக்கையும் எழுதி வாங்கினார்கள். கெட்டிக்காரர்கள்!

வாக்குத் தவறினால் என்ன ஆகும்? இலங்கையில் மன்னார் மாவட்டத்தில் மடு மாதா கோயில் உள்ளது. தமிழரும் சிங்களவரும் அங்கே கும்பிட வருவார்கள். போர்க் காலத்தில், 1990 முதல், ஆயிரக்கணக்கான தமிழ்க் குடும்பங்கள் கோயில் வளாகத்தில் தஞ்சம் புகுந்தன. மரத்தடியில் குடிசை போட்டு வாழ்ந்தன. 1999 நவம்பர் 20ஆம் தேதி இரவு அந்த வளாகத்தில் குண்டுகள் விழுந்தன. 30 பேருக்கு மேல் இறந்தார்கள். அவர்களில் குழந்தைகளும் உண்டு. ராணுவமும் புலிகளும் ஒருவரை ஒருவர் குற்றம் சொன்னார்கள்.

2008 ஏப்ரலில் சண்டை மறுபடி கோயிலை நெருங்கியது. குருமார்கள் மாதாவின் சிலையை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். அஞ்சி வந்தவர்களுக்கு இடம் கொடுத்த மாதாவுக்கே அப்போது வேறு இடம் தேட வேண்டியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சிலை கோயிலுக்குத் திரும்பி வந்தது.